சிவமலருக்காக ஒரு மகஜர்

நீதிபதியை வாக்குப் போட்டு எடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில் பதினெட்டு வருடம் முதலியாராக இருந்தவன் நான். முதலியார் என்றதும் சாதிக் கணக்குப் பார்க்க வேண்டாம். எங்கள் இலங்கைக் கோடுகளில், அதாவது நீதிமன்றங்களில், வழக்குக்காரரின் பெயரைக் கூப்பிட்டு, அவர் சொல்வதை நீதவானுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறவருக்கு அதுதான் பதவிப் பெயர். என் சொந்தப் பெயர் நீக்கிலாப்பிள்ளை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் செய்த முட்டாள்தனத்தை, பாவம் தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் மன்னித்துவிடக் கூடாது. தெரிந்தவன் செய்த முட்டாள்தனம் அது.

மொன்றியலுக்கு வந்த பிறகு எனக்கு டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. முதல் மூன்று வருடம் கோப்பை கழுவினேன். பிறகு வெங்காயம் வெட்ட விட்டார்கள். தொண்ணூற்றேழில், இந்தக் கதை தொடங்கியபோது, சூப் முழுவதும் என் பொறுப்பு. என் சூப்பை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் "அமைதி!" என்று ஒரு சத்தம் போட்டு இருநூறு பேரின் வாயை அடைத்தவனுக்குச் சூப் என்ன பெரிய சூப்.

சிவமலர் சட்டத்தரணி. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். எழுபத்தாறில் கல்யாணம் முடித்து வந்தவர், குழந்தையைக் கார்டறி என்கிற காப்பகத்தில் விட்டுவிட்டு பிரெஞ்சு படித்து, அந்த பிரெஞ்சிலேயே சட்டமும் படித்து, எண்பத்தாறில் கறுப்பு அங்கி போட்டவர். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி வாங்கிக் கொடுத்தது அவருடைய வாய்தான். என்னை விடப் பதினொரு வயது இளையவர். என்னைக் கண்டால் "முதலியார் அண்ணை" என்பார். இந்த ஊரில் என்னை அப்படிக் கூப்பிட்டது அவர் ஒருவர் மட்டுமே. அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்கு எதுவும் செய்வேன் என்று இருந்தேன். அந்த 'எதுவும்'தான் வினையாகப் போயிற்று.

என் மனைவி சிசிலி அவருடைய அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். ஒரு சனிக்கிழமை காலை தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, வெளியில ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. எங்கட சிவமலர் ஜட்ஜ் வேலைக்கு எழுதிப் போடுறா. நகரக் கோட்டுக்கு. நான்தான் படிவம் அடிச்சனான்."

எனக்கு வாயில் வைத்த தேத்தண்ணி இறங்கவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவர், அதுவும் ஒரு பெண், இந்த ஊரில் நீதிபதியாக உட்காரப் போகிறார் என்றால் சும்மாவா? எப்படித் தெரிவுசெய்வார்கள் என்று சிசிலியைத் துருவித் துருவிக் கேட்டேன். பத்திரிகையில் அறிவித்தல் போடுவார்கள். பத்து வருடத்துக்குமேல் அனுபவம் உள்ள சட்டத்தரணிகள் விண்ணப்பிப்பார்கள். ஒரு நீதிபதி, ஒரு சட்டத்தரணி, சட்டம் படிக்காத பொதுமகன் ஒருவர் என்று மூன்று பேர் குழு, கூப்பிட்டுக் கேள்வி கேட்டுத் தகுதியானவர்களின் பட்டியலை எழுதும். அந்தப் பட்டியலில் இருந்துதான் அமைச்சர் நியமனத்துக்கு ஆளை எடுப்பார். யார் விண்ணப்பித்தார்கள் என்பது ரகசியம். இவ்வளவையும் அவள் ஒழுங்காகத்தான் சொன்னாள். என் காதில் ஏறியது 'அமைச்சர்' என்ற ஒன்றுதான்.

எங்கள் ஊரில் அமைச்சர் என்றால் மகஜர். தபாற்கந்தோர் வேண்டுமா, மகஜர். பஸ் வேண்டுமா, மகஜர். கூடாத தலைமையாசிரியரை மாற்ற வேண்டுமா, நல்லவரை மாற்றாமல் வைத்திருக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஊர்கூடி ஒரு கடுதாசியில் கையெழுத்து வைத்து மேலே அனுப்புவோம். எழுபத்துநான்கில் எங்கள் நீதவானுக்கு இடமாற்றம் வந்தது. லஞ்சம் வாங்காத மனுஷன். நான் அரசாங்க ஊழியன், என் பெயர் வெளியே வரக்கூடாது; ஆனால் மகஜரின் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. மீன்காரர், சுருட்டுக்காரர், கன்னியாஸ்திரிகள் என்று ஆயிரத்துக்கு மேல் கையெழுத்து. இடமாற்றம் ரத்தானது. என் வாழ்க்கையில் நான் வென்ற ஒரே வழக்கு அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் மறுபடியும் பேனையை எடுத்தேன். 'கீழே கையொப்பமிட்டோர் மிகுந்த தாழ்மையுடன் சமர்ப்பிப்பது' என்று தொடங்கி இரண்டு பக்கம், ஆங்கிலத்தில். சிவமலரின் கெட்டித்தனம், நேர்மை, குணம், குடும்பம் எல்லாம் எழுதினேன். சிசிலியிடமோ சிவமலரிடமோ வாய் திறக்க வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டு, விடுமுறை நாட்களில் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். மகேந்திரராசாவின் பலசரக்குக் கடையில் ஒரு பிரதி தொங்கியது. முருகன் கோயில் வாசலில் ஒரு வெள்ளிக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "ஓம் அண்ணை, எங்கை வைக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே சனம் கையெழுத்து வைத்தது. எதற்கு என்று கேட்காமல் வைத்தவர்களும் உண்டு. அவர்களைத்தான் எனக்கு அன்றைக்கு மிகவும் பிடித்தது.

மாட்டேன் என்று சொன்னவர் ஒரே ஒருவர். புரோசார்ட்டில் இருக்கும் பாலகிருஷ்ணன். தமிழ்நாட்டுக்காரர், முப்பது வருடத்துக்கு முன் வந்த எஞ்சினியர். அவருடைய கையெழுத்தும் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று பாலம் தாண்டிப் போனேன். மனுஷன் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். இரண்டு பக்கத்தையும் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு நிதானமாக வாசித்தார்.

"மிஸ்டர் பிள்ளை, இதை அவங்ககிட்ட காட்டினீங்களா?"

"இல்லை. சொல்லாமல் செய்தால்தான் நல்லாயிருக்கும் எண்டு நினைச்சன்."

"இது என்ன பர்த்டே பார்ட்டியா சார், சொல்லாம செய்யறதுக்கு? ஜட்ஜ் போஸ்ட். சிபாரிசு வந்துதுன்னாலே அவங்க பேரைத் தள்ளி வெச்சுடுவாங்க. நான் போட மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. நீங்களும் இதைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

கோபித்துக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம், இந்தியாக்காரருக்கு எங்கள் ஆள் ஒருவர் மேலே வருவது பொறுக்காது என்று வாய்கூசாமல் சொன்னேன். அந்த ஆள் சீனாக்காரர். தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாமாக அறுநூற்று நாற்பத்து மூன்று கையெழுத்து. குழு வழியாக அமைச்சருக்குப் போய்ச் சேரட்டும் என்று பதிவுத் தபாலில் குழுவுக்கு அனுப்பிவிட்டு அன்றைக்குச் சூப்பில் உப்பைக் கூடப் போட்டுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு கிழமை கழித்துச் சிவமலர் கூப்பிட்டார். அலுவலகத்தில் அவரையும் சிசிலியையும் தவிர யாரும் இல்லை. சிசிலி வெளி அறையில் தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. மேசையில் ஒரு கடிதமும், அதன் பக்கத்தில் என் மகஜரின் பிரதியும் கிடந்தன.

"இருங்கோ அண்ணை. இது உங்கட எழுத்துத்தானே?"

"ஓம். நல்லா வந்திருக்கு, என்ன?"

அவர் சிரிக்கவில்லை. குழுவின் செயலாளர் எழுதிய கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். விண்ணப்பதாரர் சார்பில் வரும் எந்தச் சிபாரிசையும் குழு ஏற்காது. விண்ணப்ப ரகசியம் வெளியே போனது எப்படி என்று நேர்முகத்தில் அவர் பதில் சொல்ல வேண்டும்.

"நான் வாதாடின ஆக்கள் இந்த லிஸ்டிலை முந்நூறு பேர் இருப்பினம்," என்றார். "நாளைக்கு நான் நீதிபதியா இருக்கேக்கை இதில ஒருத்தர் போக்குவரத்து டிக்கெட் வழக்கிலை வந்து நிண்டால், எதிர்ப்பக்கம் என்ன நினைக்கும்? இந்தச் சனம் எனக்குப் பதவி வாங்கித் தந்தது எண்டுதானே நினைக்கும்? இதைத்தான் அவையும் கேக்கப் போகினம். கேக்கிறது சரி."

பாலகிருஷ்ணனின் காப்பி அப்போதுதான் தொண்டையில் கசந்தது.

"ஆர் உங்களுக்குச் சொன்னது அண்ணை?"

நான் வாயைத் திறக்குமுன் வெளி அறையில் நாற்காலி இழுபட்டது. சிசிலி கதவடியில் வந்து நின்றாள். "நான்தான் சொன்னனான்," என்றாள்.

அந்த இடத்தில்தான் நான் இரண்டாவது முட்டாள்தனத்தைச் செய்தேன். முதலாவதை விட மோசமானது. "தங்கச்சி, ஒண்டும் கெட்டுப்போகேல்லை," என்றேன். "நான் ஒரு சத்தியக்கடதாசி முடிச்சுத் தாறன். நீங்கள் போடுவீங்கள் எண்டு நானா ஊகிச்சனான், ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு எழுதுறன். கோட்டு வேலை எனக்குத் தெரியாததே? ஒருத்தராலையும் பிடிக்கேலாமல் எழுதுவன்."

சிவமலர் கோபப்பட்டு நான் கண்டதில்லை. அன்றைக்குக் கண்டேன். எழுந்து நின்றார், குரல் மட்டும் ஏறவில்லை.

"நீதிபதியாகிறதுக்குப் பொய்ச் சத்தியமோ? பதினெட்டு வருசம் பைபிளைத் தூக்கிக் குடுத்துச் சனத்தைச் சத்தியம் செய்ய வைச்ச கை உது. எனக்கு அந்தக் கதிரை வேணும் அண்ணை. எவ்வளவு வேணும் எண்டு உங்களுக்குத் தெரியாது. ஆனால் அப்பிடி ஒரு கடதாசியிலை ஏறிப் போய் அதிலை இருக்கமாட்டன். எழுதுறதெண்டால் நடந்ததை எழுதுங்கோ. சிசிலி அக்கா சொன்னதையும் எழுதுங்கோ, எனக்குத் தெரியாமல் செய்ததையும் எழுதுங்கோ. என்ரை அலுவலகத்திலை இருந்து போனது, பொறுப்பு என்னிலை எண்டு நான் சொல்லுறன்."

அப்படியே சத்தியக்கடதாசி எழுதிக் குழுவுக்குக் கொடுத்தேன். நான் எழுதின கடதாசிகளில் ஆகச் சின்னது அதுதான், எழுத ஆகக் கூடிய நேரம் பிடித்ததும் அதுதான். சிசிலியை அவர் வேலையால் நிறுத்தவில்லை. ஆனால் தன் சொந்தக் கோப்புகள் இருந்த அலுமாரியின் சாவியைத் திரும்பக் கேட்டார். சிசிலி சாவி வளையத்தில் இருந்து அதை மட்டும் கழற்றி மேசையில் வைத்தாள். வீட்டுக்கு வரும் வழியில் மெட்ரோவில் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. அடுத்த பத்து நாளும் பேசவில்லை. எனக்கு அது தேவைதான்.

செப்டம்பரில் பதில் வந்தது. சிவமலரின் பெயர் பட்டியலில் இல்லை. காரணம் எழுதவில்லை, எழுதுவதுமில்லையாம். நான் ரயில் ஏறி ரொக்ஸ்பரோவில் அவருடைய வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று ஸ்டேஷனில் இருந்து வீடு வரைக்கும் நடந்துகொண்டே யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. அவர் முற்றத்தில் சருகு கூட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணை, நான் பிரெஞ்சுச் சோதினை முதல் தரம் பெயில். சட்டத்தரணிச் சோதினையும் முதல் தரம் பெயில். எனக்கு எல்லாம் ரெண்டாம் தரம்தான் சரிவாறது," என்றார். "திரும்பவும் அறிவித்தல் வரும். திரும்பவும் போடுவன். அதுக்கும் இல்லையெண்டால் அதுக்கடுத்ததுக்கும் போடுவன்."

"நான் என்ன செய்ய வேணும் எண்டு சொல்லுங்கோ."

"ஒண்டும் செய்யாதேங்கோ. உங்களால ஏலுமோ?"

ஒன்றும் செய்யாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. ஒரு மாதம் போகவில்லை, மகேந்திரராசா தன் கடைக்கு என்னைக் கூப்பிட்டார். "தமிழ்ப் பொம்பிளை எண்டுதான் தட்டிவிட்டவங்கள். சும்மா விடேலாது. ஊர்வலம் போவம். ரெண்டாயிரம் கையெழுத்து வைச்சு இன்னொரு மகஜர் அனுப்புவம். நீர்தான் எழுத வேணும்," என்றார். கடையில் நின்ற நாலைந்து பேர் ஓம் ஓம் என்றார்கள். நல்லெண்ணம்தான். முதலில் எனக்கு இருந்ததும் அதே நல்லெண்ணம்தானே.

அங்கேயே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் தட்டிவிடவில்லை, நான்தான் தட்டிவிட்டேன், மகஜர் அனுப்பியது பிழை, இன்னொன்று போனால் அந்தப் பெண் வாழ்நாளில் அந்தப் படி ஏறமாட்டார். மகேந்திரராசா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உமக்கு என்ன, பயம் பிடிச்சிட்டுதோ?" என்றார். "ஓம்," என்றேன். "கடையிலை இன்னும் தொங்கிற அந்தக் கடதாசியை இறக்கும்."

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். கையெழுத்து வாங்கியபோது எந்த வாசலில் நின்றேனோ அதே வாசல்களில் நின்று, நான் செய்தது பிழை என்று சொல்வது. அறுநூற்று நாற்பத்து மூன்று பேருக்கும். கையெழுத்து வாங்குவது ஒரு நிமிட வேலை. பிழை என்று விளங்கப்படுத்துவதற்கு ஒவ்வொருவருக்கும் அரை மணித்தியாலம் பிடித்தது. சிலர் சிரித்தார்கள். சிலர், அப்போ ஏன் எங்களிடம் வந்தனீர் என்று ஏசினார்கள். தொண்ணூற்றெட்டு ஜனவரியில் பனிமழை பெய்து மின்சாரம் நின்று ஊரே இருண்டுபோனபோது, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கட்டில் போட்டுச் சனத்தைத் தங்க வைத்தார்கள். அங்கே எங்கள் ஆட்கள் எழுபது பேர் கம்பளிக்குள் குந்தியிருந்தார்கள். எழுந்து வெளியே போக யாருக்கும் வழியில்லை. என் பட்டியலில் ஒரே நாளில் எழுபது பேரைத் தீர்த்தது அன்றைக்குத்தான். புரோசார்ட்டிலும் மின்சாரம் இல்லை. அது வந்த பிறகு பாலகிருஷ்ணனிடமும் போனேன். அவர் பட்டியலில் இல்லாதவர், ஆனாலும் போனேன். "விடுங்க சார்," என்று மறுபடியும் காப்பி கொடுத்தார்.

அந்த வருடக் கடைசியில் எனக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது. கோட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று அறிவித்தல் வந்தது. விண்ணப்பித்தேன். எழுத்துச் சோதனை, வாய்ச் சோதனை இரண்டிலும் தேறினேன். வாய்ச் சோதனையில் என்னைக் கேள்வி கேட்ட பெண், நீங்கள் இந்த வேலையை முன்னர் எங்கே செய்தீர்கள் என்று ஆச்சரியப்பட்டார். நன்னடத்தை விசாரணை மட்டும் மிச்சம் இருந்தது. நான் சிசிலியிடம் புதிதாக ஒரு கறுப்புக் காற்சட்டை வாங்கச் சொன்னேன். ஐம்பத்தேழு வயதில் மறுபடியும் ஒரு கோட்டுக்குள் நின்று பேசப் போகிறேன் என்ற நினைப்பில் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

தொண்ணூற்றொன்பது தொடக்கத்தில் நகரக் கோட்டுக்கு மீண்டும் அறிவித்தல் வந்தது. சிவமலர் விண்ணப்பித்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. சிசிலி சொல்லவுமில்லை. அவளுக்கே தெரியாது. ஆனால் மார்ச் மாதம் ஒரு காலை என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. குழுவின் செயலாளர். ஆங்கிலத்தில், மரியாதையாகப் பேசினார்.

"முன்னைய கோப்பில் உங்கள் சத்தியக்கடதாசி இருக்கிறது. மனு அனுப்பியது அவருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதச் சொன்னது யார்? நீங்களாக எழுதினீர்களா, அல்லது அவர் சொல்லி எழுதினீர்களா? குழு இதை அறிய விரும்புகிறது. எழுத்தில், கையொப்பத்துடன், ஐந்து நாளுக்குள் அனுப்புங்கள்."

ரிசீவரை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கோட்டில் இருந்தவனுக்கு அந்தக் கேள்வியின் கூர் விளங்கும். நானாக எழுதினேன் என்றால் பொய். அவர் சொல்லி எழுதினேன் என்றால் அது உண்மை. ஆனால் அந்த உண்மை அவரைக் கவிழ்த்துவிடும். சொல்லிக்கொடுத்து வாங்கிய கடுதாசி என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஏன் சொன்னார், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார் என்று முழுவதையும் எழுதினால்தான் அவர் யார் என்பது தெரியும். முழுவதும் என்றால், நான் பொய்ச் சத்தியம் செய்ய முன்வந்ததும் அதில் சேரும்.

சிசிலி வேலையால் வந்ததும் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றாமல் நின்றபடியே கேட்டாள்.

"அதை எழுதினால் உங்களைக் கோட்டிலை எடுப்பினமோ?"

"பொய்ச் சத்தியத்துக்குத் துணிஞ்சவனைச் சத்தியம் பண்ணி மொழிபெயர்க்க விடுவினமோ? நானெண்டால் விடமாட்டன்."

"அவைக்கு எப்பிடித் தெரியவரும்? இது வேற ஆக்கள், அது வேற கந்தோர் எல்லோ?"

"நான்தான் சொல்லப் போறன்," என்றேன். சொன்ன பிறகுதான் அப்படி முடிவெடுத்திருப்பது எனக்கே தெரிந்தது. "நன்னடத்தைப் படிவத்திலை, உங்கட நேர்மை சம்பந்தமா நாங்கள் அறிய வேண்டியது ஏதும் இருக்கோ எண்டு ஒரு கேள்வி இருக்கு. இல்லை எண்டு எழுதி வைச்சிருக்கிறன். ஒரு கந்தோரிலை உண்மையும் மற்றக் கந்தோரிலை மௌனமும் எண்டால், அது என்ன உண்மை சிசிலி?"

அவள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "எழுதுங்கோ, நான் அடிச்சுத் தாறன்," என்றாள். "இந்த முறை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்." இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்தக் கறுப்புக் காற்சட்டையை நான் ஒரு தரம்கூடப் போட்டிருக்கவில்லை.

ஒரு பக்கம் எழுதினேன். அவர் எழுந்து நின்றது, சொன்னது, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். நல்லவர், வல்லவர், பண்பானவர் என்று ஒரு வரி இல்லை. இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று குழுவுக்கு, ஒன்று மொழிபெயர்ப்பாளர் பிரிவுக்கு.

மொழிபெயர்ப்பாளர் பிரிவின் பதில் முதலில் வந்தது. இரண்டு வரி. வருந்துகிறோம், உங்கள் விண்ணப்பத்தை ஏற்க முடியவில்லை. அதை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்குப் பூசணிச் சூப். நான்கு வாளி.

ஜூன் மாதம் சிவமலரின் பெயர் பத்திரிகையில் வந்தது. நகரக் கோட்டு நீதிபதி. கடை வாசலில் மகேந்திரராசா என்னைக் கட்டிப்பிடித்தார். பதவியேற்குமுன் ஒரு பின்னேரம் சிவமலர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அலுவலகத்தை மூடிக் கோப்புகளை வேறொரு சட்டத்தரணியிடம் கொடுத்தாயிற்று. சிசிலிக்கும் ஒரு கார்டறியில் வேலை சொல்லி வைத்திருந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார்.

"நேர்முகத்திலை அந்தக் கடிதத்தை எனக்கும் காட்டினவை, அண்ணை," என்றார்.

"இங்கிலிஷிலை பிழை இருந்ததோ?"

சிரிக்க முயன்றார். முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மற்ற வேலை சரிவரேல்லை எண்டு சிசிலி அக்கா சொன்னவ. ஏன் எண்டு எனக்கு விளங்கும். நான் அதைப் பற்றி ஒரு இடத்திலையும் கதைக்கேலாது. கதைக்கவும் மாட்டன்."

"கதைச்சால் எனக்குத்தான் கோபம் வரும்."

"நீதிபதி எண்டபடியால் இனி உங்கட வீட்டுப் படி ஏறமாட்டன், அண்ணை. ஒரு கோபமும் இல்லை."

"தெரியும்," என்றேன். தெரிந்துதான் இருந்தது. அவர் படியிறங்கிப் போகும்வரை நானும் சிசிலியும் கதவடியில் நின்றோம்.

நவம்பரில் எனக்கு ஒரு புதன்கிழமை ஓய்வு கிடைத்தது. ஷான்-டி-மார்ஸ் மெட்ரோவில் இறங்கி நகரக் கோட்டுக்கு நடந்தேன். விசாரணை அறை பொதுமக்களுக்குத் திறந்தது. யாரும் போய் உட்காரலாம். கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். முன்னால் டிக்கெட் வழக்குக்காரர், இரண்டு பொலிஸ்காரர், ஒரு மூலையில் மொழிபெயர்ப்பாளர். இளம் பெண், எங்கள் ஆள்தான். ஒரு கிழவருக்குத் தமிழில் ஏதோ மெதுவாக விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். நல்லாய்த்தான் செய்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் இன்னொரு பொய்ச் சத்தியம் ஆகிவிடும்.

எழும்பும்படி ஒருவர் பிரெஞ்சில் கூப்பிட்டார். எல்லோருக்கும் முதல் நான் எழும்பினேன். பக்கக் கதவால் சிவமலர் கறுப்பு அங்கியோடு வந்து மேடையில் ஏறி, இருக்குமுன் ஒரு தரம் அறை முழுவதையும் பார்த்தார். பொலிஸ்காரர், வழக்குக்காரர், கிழவர், பிறகு கடைசி வாங்கு. அவருடைய கண் என்னில் ஒரு கணம் நின்றது. தலையசைக்கவில்லை. சிரிக்கவில்லை. முன்பின் தெரியாத ஓர் ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, பார்வையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எனக்கு அது வலித்தது. வலித்த அதே நேரத்தில், எங்கள் ஊர் நீதவானிடம்கூட நான் கண்டிராத ஒரு நடுநிலையை அங்கே கண்டேன் என்றும் தெரிந்தது. நான் உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் வழக்கைக் கூப்பிட்டார்கள்.